அனுமதி உண்டு, ஆள் இல்லை: மெடிக்கெய்டு வீட்டுச் செவிலியர் சேவை, நீண்டநாள் அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய மகனுக்கும் எங்கள் மகளைப் போலவே தொண்டையில் மூச்சுவிட ட்ராக் குழாயும், வயிற்றில் உணவேற்ற ஜி-ட்யூபும் உண்டு. நாங்கள் இருக்கும் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கில் அவருக்கு ஒரு வேலை அமையும்போல் இருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவுதான். ஆனாலும் இங்கே பெற்றோரின் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் குழந்தைக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு கிடைக்கிறதாமே, இரவில் வீட்டுக்கே செவிலியர் வருகிறாராமே, அதற்காகவே குடும்பத்தோடு வந்துவிடலாமா என்று கேட்கிறார். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே என் குரல் உயர்ந்துவிட்டதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் பயன்படலாம் என்று இங்கே பகிர்கிறேன். மெடிக்கெய்டு என்றால் என்ன, எங்கே விண்ணப்பிப்பது என்பவையெல்லாம் தெரிந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நன்மை அன்று. பென்சில்வேனியாவின் மெடிக்கெய்டில் பி.எச்.-95 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இயலாமை வரையறைக்குள் குழந்தை வந்துவிட்டால், 18 வயது வரை அதன் பெயரில் உள்ள வருமானத்தை மட்டுமே பார்ப்பார்கள். தாய் தந்தையின் சம்பளத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமே தவிர, தகுதிக்கு அது கணக்கில் வராது. பல மாநிலங்களில் இதையொத்த வாசலுக்குக் கேட்டி பெக்கட் என்ற பெண்ணின் பெயர் வழங்குகிறது. ஐயோவா மாநிலத்துச் சீடர் ராபிட்ஸில் 1978-இல் பிறந்த அவர், கைக்குழந்தையாக இருந்தபோதே மூளையழற்சி கண்டு செயற்கைச் சுவாசத்தை நம்ப வேண்டியவரானார். மருத்துவமனையிலேயே கிடந்தால் மெடிக்கெய்டு பணம் கட்டும், வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் காட்டிக் கைவிரிக்கும் என்ற அன்றைய விதியை 1981-இல் அதிபர் ரீகனே செய்தியாளர்கள் முன்னிலையில் சாடினார். மறு ஆண்டு, பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் வீட்டிலிருக்கும் குழந்தைக்கும் மெடிக்கெய்டு தருவது சட்டத்தில் ஒரு தெரிவாக இடம் பெற்றது. கட்டாயமாக அல்ல, மாநிலத்தின் விருப்பமாக. டெக்சாஸ் அந்தத் தெரிவை எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே இத்தகைய குழந்தைகளுக்கு வீட்டுச் சேவை தரும் எம்.டி.சி.பி. என்ற திட்டத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். 2024 நிலவரப்படி, இத்தகைய வீட்டுச் சேவைத் திட்டங்களுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். பென்சில்வேனியாவின் பி.எச்.-95-க்கு வரிசை கிடையாது. நண்பரின் பொறாமை எனக்குப் புரிகிறது.

மெடிக்கெய்டு அட்டை கைக்கு வந்த பிறகு வீட்டுக் கணக்கே மாறிவிடும். அலுவலகக் காப்பீடு முதலில் கட்டும். அது கட்டாததையும் பாதியில் விடுவதையும் மெடிக்கெய்டு ஏற்றுக்கொள்ளும். சளி உறிஞ்சு குழாய்ப் பெட்டிகள், உணவேற்றும் பைகள், ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியின் ஒட்டிகள் எல்லாம் மாதந்தோறும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. இதற்கு முன் அலுவலகக் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒவ்வோர் உருப்படிக்கும் தொலைபேசியில் மன்றாடிய எனக்கு இது தனிப்பட்ட விடுதலையாகவே இருந்தது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், குழந்தைக்கு அரசு உதவி வாங்கினால் நாளை நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டைக்கு இடைஞ்சல் வருமோ என்று அஞ்சி விண்ணப்பிக்காமலே இருப்பதை நம்மவர் பலரிடம் பார்க்கிறேன். 2020-இல் நடைமுறைக்கு வந்து 2021-இல் விலக்கப்பட்ட கடுமையான விதியிலும்கூட, இங்கே பிறந்த குடியுரிமையுள்ள குழந்தை பெறும் மெடிக்கெய்டு பெற்றோரின் பெயரில் ஏற்றப்படவில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமலே ஒதுங்கிவிடுவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

இனி நண்பர் உண்மையில் கேட்டது: இரவுச் செவிலியர்.

ட்ராக் உள்ள குழந்தையின் இரவு எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை விளக்கிவிட்டால் என் கோபத்துக்குக் காரணம் புரியும். சளி சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் அவளால் அழுது கூப்பிட முடியாது. குரல்வளைக்குக் கீழேயே காற்று வெளியேறிவிடுவதால் அவள் அழுகைக்கு ஒலி இல்லை. ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி அலறும்போது, உறிஞ்சு குழாயை எத்தனை சென்டிமீட்டர் வரை உள்ளே விடலாம் என்று கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டிய தாளைப் பார்க்காமலே கை நினைவு வைத்திருக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடினால் உள்ளே புண்ணாகும். பத்து விநாடிக்கு மேல் உறிஞ்சினால் மூச்சு திணறும். குழாயே கழன்று வந்துவிட்டால், தலைமாட்டில் தொங்கும் பையிலிருந்து அதே அளவுக் குழாயையும், அது நுழையாவிட்டால் ஓர் அளவு சிறிய குழாயையும் எடுத்து, கை நடுங்காமல் பொருத்த வேண்டும். இதைப் பகலில் வேலைக்குப் போகும் இருவர் முறைவைத்து விழித்திருந்து ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாது என்பதை மருத்துவரும் ஒப்புக்கொள்கிறார், மாநிலமும் ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் எங்களுக்கு வாரத்தின் எல்லா இரவுகளுக்கும் செவிலியர் வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் இருக்கிறது.

எல்லா இரவுகளுக்கும் என்று கடிதத்தில் இருக்கிறது. ஆள் வருவது பல வாரங்களில் பாதி இரவுகளுக்குத்தான். சில வாரங்களில் அதுவும் இல்லை. ரேஷன் அட்டையில் அரிசி உண்டு, கடையில் இருப்பு இல்லை என்று சொல்லி அனுப்புவதை ஊரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. செவிலியரை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு குறுஞ்செய்தி வரும்: இன்றைய செவிலியர் வர இயலவில்லை, மாற்று ஆள் தேடுகிறோம், புரிந்துகொண்டதற்கு நன்றி. நான் எதையும் புரிந்துகொண்டதாக அவர்களுக்குச் சொல்லவில்லை. மாற்று ஆள் வந்ததும் மிக அரிது. மறுநாள் காலை அலுவலகக் கூட்டத்தில் கண் செருகி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, நேற்று என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, நிரப்பப்படாத இரவு எந்தத் தாளிலும் குறையாகத் தெரிவதில்லை என்பதே. காப்பீட்டு நிர்வாகத்தைப் பொறுத்தவரை அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஏஜென்சியைப் பொறுத்தவரை அவர்கள் தேடினார்கள். வராத செவிலியருக்குச் சம்பளம் கிடையாது, எனவே அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. அனுமதித்த மணி நேரத்தைப் பயன்படுத்தவில்லை என்ற பதிவு மட்டும் நம் பெயரில் விழுந்து, மறு பரிசீலனை வரும்போது, இவ்வளவுதானே பயன்படுத்தினீர்கள், இவ்வளவு போதுமே என்று எதிர்க் கேள்வி கேட்க வாய்ப்பாகிறது. அதனால், ஆள் வராத ஒவ்வோர் இரவையும், யார் தகவல் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். மணி நேரத்தைக் குறைப்பதாக ஒருமுறை அறிவிப்பு வந்தபோது, அதில் கண்ட கெடுவுக்குள் மேல்முறையீடு செய்ததும் அந்த நோட்டைக் காட்டியதும்தான் எங்களைக் காப்பாற்றின. கெடுவுக்குள் முறையிட்டால் முடிவு வரும்வரை பழைய சேவை தொடரும் என்பதை எல்லாப் பெற்றோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, அதனால்தான் ஆத்திரம் கூடுகிறது. மெடிக்கெய்டில் குழந்தைகளுக்கான பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இ.பி.எஸ்.டி.டி. என்ற பெயரில் 1967 முதல் இருந்துவரும் ஏற்பாட்டை 1989-இல் வலுப்படுத்தியபோது, 21 வயதுக்கு உட்பட்டவருக்கு மருத்துவ ரீதியாகத் தேவை என்று தெரிகிற, மெடிக்கெய்டு சட்டம் அனுமதிக்கும் சேவை எதுவாயினும் மாநிலம் அளித்தே தீர வேண்டும் என்று எழுதினார்கள். இல்லினாய்ஸில் இதேபோல் செவிலியர் மணி நேரம் நிரப்பப்படாத குழந்தைகளின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தபோது, 2016-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி கொடுத்ததோடு கடமை முடியவில்லை, ஆளைத் தேடித் தர முயல வேண்டும் என்ற கீழ் நீதிமன்ற ஆணையை உறுதி செய்தது. புளோரிடாவில் வீட்டுச் செவிலியர் கிடைக்காத காரணத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நர்சிங் ஹோம் எனும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம், அனுமதித்த மணி நேரத்தில் 90 விழுக்காட்டை வழங்க வேண்டும் என்று உத்தரவிட, மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்புகளைப் படிக்கும்போது தெம்பாக இருக்கிறது. மாலை ஆறு மணிக் குறுஞ்செய்தியை எந்தத் தீர்ப்பும் இதுவரை நிறுத்தவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், வராத செவிலியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மருத்துவமனை வார்டில் இதே வேலைக்கு வீட்டுப் பணியைவிடக் கூடுதல் கூலி கிடைக்கிறது. உடன் வேலை செய்ய ஆட்கள் உண்டு. உடல்நலமில்லை என்றால் விடுப்பு உண்டு. மெடிக்கெய்டு வீட்டுச் சேவைக்கான கட்டணத்தை மாநிலம் நிர்ணயிக்கிறது. ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகத் தருகிறது. பனிக்காலத்தில் மலைச்சரிவுத் தெருக்களில் தன் சொந்தக் காரில் வந்து, தனியாளாக ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிப் போதும்? எங்களுக்கு நிரந்தரமாக வரும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு ஜி-ட்யூப் வழியே கஞ்சி கொடுக்கலாமா என்று நான் மருத்துவரிடம் கேட்டு அனுமதி வாங்கியபின், அது குழாயில் அடைக்காமல் இறங்க எத்தனை முறை வடிகட்ட வேண்டும் என்பதை என்னோடு அடுக்களையில் நின்று சோதித்துப் பார்த்து, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர். அவர் வரும் இரவுகளில் நான் உடை மாற்றிக்கொண்டு உண்மையாகவே தூங்குகிறேன். அவர் ஒருவரை நம்பித்தான் இந்தச் சேவை முழுவதும் எங்கள் வீட்டில் நிற்கிறது என்பது அவருக்குப் பெருமை, திட்டத்துக்கு வெட்கக்கேடு.

அண்மைய மாற்றங்களைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். கொரோனாக் காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த காப்பு 2023 மார்ச் இறுதியில் முடிந்ததும் மறு பதிவு தொடங்கியது. நாடு முழுவதும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் தகுதி இல்லாமல் அல்ல, தாள் வேலை முடியாமல். குழந்தையின் தகுதியைத் தனியாகப் பார்க்காமல் குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்த கணினிப் பிழையால் பல மாநிலங்களில் குழந்தைகளும் விழுந்தார்கள். பென்சில்வேனியாவும் அவற்றில் ஒன்று. இப்படி விழுந்தவர்களில் நாடு முழுவதும் மொத்தம் சுமார் 5 லட்சம் பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி முதல் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு மாதத் தொடர் காப்பு எல்லா மாநிலத்திலும் கட்டாயம் என்பது நல்ல மாற்றம். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் இ.பி.எஸ்.டி.டி.யைத் தொடவில்லை, மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனையும் பெரியவர்களுக்குத்தான், அதிலும் இயலாமையுள்ள குழந்தையைப் பராமரிப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் பத்து ஆண்டுகளில் கூட்டாட்சியின் மெடிக்கெய்டு செலவு ஏறக்குறைய 90,000 கோடி டாலர் குறையும் என்ற மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பார்த்தால், குழந்தையின் உரிமையில் கை வைக்காமலே செவிலியர் கட்டணத்தை உயர்த்தாமல் விட்டுவிடுவது மாநிலங்களுக்கு எளிதான வழி. உரிமை தாளில் அப்படியே இருக்கும். இரவுகள் இன்னும் காலியாகும்.

இவ்வளவு நல்லதையும் சொன்ன பிறகு என் பரிந்துரை: செவிலியருக்காக வர வேண்டாம். எங்கள் நிரந்தரச் செவிலியர் அறுவைச் சிகிச்சை விடுப்பில் இருக்கும் வாரத்தில் எழுதுகிறேன் என்பதால் இவ்வளவு கடுமை என்று நண்பர் நினைத்தால் அது சரிதான். அவர் திரும்பி வந்த பின் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. என் கணவருக்கு வேறு மாநிலத்திலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு அழைப்பு வந்தபோது, நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசாமல் மறுத்துவிட்டோம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் இந்த அட்டை செல்லாது; புது விண்ணப்பம், புது மதிப்பீடு, புது ஏஜென்சி.

நண்பர் முடிவெடுக்குமுன் செய்ய வேண்டியவை இரண்டு. டெக்சாஸில், உடல்நிலை மிகவும் நொய்ந்த குழந்தை ஒரு நர்சிங் ஹோமில் ஓர் இரவு மட்டும் தங்கினால் எம்.டி.சி.பி. வரிசையைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருப்பதற்குத் தகுதி பெற ஓர் இரவு வெளியே படுக்க வேண்டும் என்பது கேலிக்கூத்தாக இருந்தாலும், வேலையை விடுமுன் அதை விசாரித்துப் பார்ப்பது நல்லது. அதையும் மீறி இங்கே வருவதாக இருந்தால், தான் குடிவர நினைக்கும் அஞ்சல் எண்ணைச் சொல்லி, அந்தப் பகுதிக்கு ட்ராக் பயிற்சி பெற்ற இரவுச் செவிலியர்களை அனுப்பும் ஏஜென்சிகளை அழைத்து, எத்தனை மணி நேரம் அனுமதி கிடைக்கும் என்று கேட்காமல், அங்கே சென்ற மாதம் அனுமதித்ததில் எவ்வளவை நிரப்பினீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.