ஷாத்தோ தால்போ 1986: கொடைக்கானலில் திறந்த 38 வயது ஒயின்

பழைய ஒயின் என்றால் கிக் அதிகம் என்று நம்பி வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அந்தக் கணக்கில் சேராது. லேபிளில் ஆல்கஹால் 12 சதவீதம் சொச்சம். 38 வருஷம் ஆகியும் அது ஏறவில்லை, ஏறவும் ஏறாது. இனிப்பும் கிடையாது. நானே அரை மனசோடுதான் உட்கார்ந்தேன்.

பாட்டில் வந்த கதை இது. மனைவியின் பெரியப்பா புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குபவர். மகள் வீடு பிரான்சில், போர்தோ நகரத்தில். 2024 டிசம்பரில் அங்கே போய்விட்டுத் திரும்பும்போது, 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டுவரலாமே என்று ஒரு கடையில் இதை வாங்கி, ஸ்வெட்டருக்குள் சுருட்டி, கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். விலை கேட்டால் சிரித்தார். பெரியம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது 140 யூரோ, நம்ம காசுக்கு 12,000 ரூபாய்க்கு மேல். டாஸ்மாக் பாட்டிலென்றால் காலியைத் திருப்பிக் கொடுத்து 10 ரூபாயாவது வாங்கலாம், இதற்கு அதுவும் இல்லை.

ஒயினைப் பற்றிக் கொஞ்சம். போர்தோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில் சேன் ஜூலியன் என்கிற ஊர்த் தோட்டம். 1453ல் காஸ்தியோன் சண்டையில் தோற்று உயிரையும் விட்ட ஆங்கிலேயத் தளபதி டால்பட்டின் பெயர்தான் இதற்கு, பிரெஞ்சு உச்சரிப்பில் அது தால்போ. அவரை ஜெயித்த பிரெஞ்சுக்காரர்களே அவர் பெயரில் ஒயின் விற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 1855ல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தபோது இதற்குக் கிடைத்தது நாலாம் படி. கேபர்னே சாவின்யோன் திராட்சைதான் இதில் பெரும்பங்கு. 1986 அந்தப் பக்கம் துவர்ப்பு அதிகமான வருஷம், சீக்கிரம் திறந்தவர்களுக்கு நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டதாம். அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருப்பு.

வந்த அன்றே திறக்கலாம் என்றேன், மாமா விடவில்லை. "மாப்பிள்ளை, வத்தலக்குண்டு தாண்டி அத்தனை வளைவிலும் இது உருண்டுகிட்டே வந்திருக்கு, உள்ளே மண்டியெல்லாம் கலங்கிக் கிடக்கும், மூணு நாள் தொடாதீங்க" என்றார். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தோம். மண்டி என்று அவர் சொன்னது சரியான வார்த்தை. திராட்சைத் தோலில் இருந்து வருகிற துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகின்றன. அதனால்தான் சிவப்பு ஒயின் பழசாகப் பழசாக நிறம் வெளுக்கிறது, துவர்ப்பும் குறைகிறது. அந்த மண்டி டம்ளருக்குள் வந்தால் போச்சு, காபிப் பொடியை மென்ற மாதிரி இருக்கும்.

மூணாம் நாள் ராத்திரி ஏழரை மணி. ஒயின் கழுத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது, இந்த வயசுக்கு அது சகஜம் என்றார் மாமா. மேல் தகடை உரித்தால் கார்க் தலையில் கறுப்பாகப் பூஞ்சை, ஈரத்துணியால் துடைத்தார். சாதாரணத் திருகிதான் வீட்டில் இருந்தது, பாதி வந்ததும் பொசுக்கென்று உடைந்தது. எனக்கு வயிறு கலங்கியது, 12,000 ரூபாய்! மாமா அசரவில்லை, மிச்சத்தில் திருகியைச் சாய்வாக ஏற்றி மெதுவாக இழுத்தார், தூள் தூளாக வந்தது. மண்டியை விட்டுவிட்டு ஒயினை ஊற்றி வைக்கிற டிகான்டர் குடுவையெல்லாம் நம்மிடம் ஏது, ஜூஸ் ஜக்தான். அதன் வாயில் நைஸான எவர்சில்வர் டீ வடிகட்டி, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தி, கை நடுங்காமல் ஒரே சாய்ப்பில் ஊற்றினார். கழுத்துப் பக்கம் கறுப்பாகக் கோடு நகர்ந்து வந்ததும் நிறுத்திவிட்டார். அடியில் ஒரு அரை டம்ளர் போனது.

வெள்ளைப் பேப்பர் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் இன்னும் நல்ல சிவப்பு, ஓரத்துக்கு வரவர செங்கல் நிறம், கடைசி விளிம்பில் டிகாஷனில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. முதல் மோப்பம் மோசம். பூட்டிக் கிடந்த காட்டேஜை சீசனுக்குத் திறக்கும்போது ஒரு வாடை வருமே, அதேதான். கெட்டுப்போச்சா என்று நான் கேட்பதற்குள் மாமா "பொறுங்க, தூங்கி எழுந்திருக்கு" என்றார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்தேன். அந்த வாடை போன இடம் தெரியவில்லை. பென்சில் சீவிய வாசம் முதலில், அப்புறம் வேடசந்தூர் பக்கம் உலரப் போட்ட புகையிலை, அதற்கடியில் சோலைக்காட்டில் மழை விட்ட பிறகு காலால் இலைக்குப்பையைக் கிளறினால் வருகிற ஈரமும் காளானும். பழம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் உலர்ந்த கறுப்புத் திராட்சையாக, பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

வாயில் வைத்தால் நான் எதிர்பார்த்தது துவர்ப்பு. அது இருக்கிறது, ஆனால் நாவல்பழத் துவர்ப்பு இல்லை, தேனில் நெடுநாள் ஊறிய நெல்லிக்காயில் இனிப்பை மட்டும் கழித்துவிட்டால் மிச்சம் நிற்குமே, அந்த அளவு. புளிப்பு மட்டும் இன்னும் இளசாக இருக்கிறது, அதுதான் மொத்தத்தையும் நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. விழுங்கிய பிறகும் புகையிலை வாசம் ஒரு நிமிஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றது, நான் மொபைலில் பார்த்தேன். பழைய அரிசிக்கும் பழைய புளிக்கும் நம் வீடுகளில் ஏன் தனி மரியாதை என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மச்சானுக்குப் பிடிக்கவில்லை. மாமியார் கம்பம் பன்னீர் திராட்சையில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கிராம்பும் போட்டு பீங்கான் ஜாடியில் 21 நாள் வைத்து எடுக்கிற கிறிஸ்துமஸ் ஒயின்தான் ஒயின் என்பது அவன் கட்சி. ரெண்டு வாய்க்கு மேல் தொடவில்லை, அவன் பங்கு எனக்கு வந்தது, அதனால் நான் சண்டை போடவில்லை.

சாப்பாட்டில் நாங்கள் செய்தது பெரிய தப்பு. மிளகு தூக்கலாக மட்டன் சுக்கா. ஒரு வாய் சுக்கா, ஒரு வாய் ஒயின், அவ்வளவுதான், ஒயின் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. காரம் போய் நாக்கு பழைய நிலைக்கு வர கால் மணி நேரமும் ரெண்டு துண்டு பிரெட்டும் ஆனது. அப்புறம் உப்பு மட்டும் போட்டு வாட்டிய ஆட்டுக்கறி, நெய்யில் சுட்ட மலைப்பூண்டு, கொடைக்கானலிலேயே வாங்கிய கெட்டியான சீஸ் என்று மாறினோம், அதற்கு இது அமர்க்களமாகப் பொருந்தியது.

இங்கே குடித்ததில் ஒரு லாபம் உண்டு. பழைய போர்தோவை 16, 17 டிகிரியில் குடிக்க வேண்டும் என்பார்கள், டிசம்பர் ராத்திரி எங்கள் ஹால் தானாகவே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சென்னையில் 30 டிகிரியில் ஊற்றியிருந்தால் சாராய நெடிதான் முன்னால் வந்திருக்கும்.

குறை என்றால், நேரம்தான். ஒன்பது மணி வரை நன்றாக ஏறிக்கொண்டே போனது, ஒன்பதரைக்கு மேல் வாசம் இறங்கி வெறும் புளிப்பு மிஞ்சியது. நாலு பேர் உட்கார்ந்து ரெண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பாட்டில், மிச்சம் வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்கிற பேச்சே இல்லை. விலைக்குத் தகுமா? ஒரு தடவைக்குத் தகும், பாதிக் காசு நான் போட்டிருந்தால்கூட வருத்தப்பட மாட்டேன். முதல் தடவை ஒயின் குடிப்பவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், வீண். என் மதிப்பெண் பத்துக்கு எட்டரை, அந்த அரை கார்க் உடைந்த பதற்றத்துக்கு.

படுக்கப் போகும்போது மாமா சந்தோஷமாகச் சொன்னார், புதுச்சேரி வீட்டில் 2005 போர்தோ ஒன்று வைத்திருக்கிறாராம், பத்து வருஷமாக. எங்கே என்று கேட்டேன். பரணில் என்றார். ஓட்டுக்கு நேர் கீழே, பத்து மே மாதம், அந்தச் சூட்டில் ஒயின் வெந்தே போயிருக்கும். அடுத்த தடவை வரும்போது எடுத்து வாங்க மாமா, ஊறுகாய்க்காவது ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.