தொட்டியா டிரம்மா, கேமராவா கூர்க்காவா: ஒரு குன்னூர் காலனியின் வரவு செலவு

கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் அவர்களுடைய குடியிருப்போர் சங்க விதிமுறைகளை எனக்கு அனுப்பி வைத்தார். பதினாறு பக்கம். தொட்டி எங்கே வைப்பது, வாசலில் எத்தனை கேமரா, நாயை எந்த நேரத்தில் நடக்க விடுவது என்று எல்லாம் இருந்தது. நல்ல வேலைதான். ஆனால் பதினாறு பக்கத்தில் ஓரிடத்திலும் கரடி வரவில்லை.

நாங்கள் இருப்பது குன்னூரில், ஒரு சரிவில். நாற்பத்துச் சொச்சம் வீடுகள் படிப்படியாக இறங்கும். மேலே தேயிலைத் தோட்டம், கீழே ஓடை, அதற்கப்பால் கொஞ்சம் சோலை. கால்வாசி வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும். மூன்று வருஷம் சங்கப் பொருளாளராக இருந்ததில், இந்த மாதிரிக் காலனியைச் சுத்தமாகவும் பத்திரமாகவும் வைத்துக்கொள்ள என்னென்ன வழி உண்டோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

மக்கும் குப்பை

இதில்தான் சண்டை அதிகம். தெருமுனையில் தொட்டி வைப்பதா, வீட்டு வாசலுக்கு வரும் நகராட்சி வண்டியிடம் கொடுப்பதா, அவரவர் வீட்டிலேயே உரமாக்குவதா?

தொட்டியின் வசதி ஒன்றுதான்: எந்த நேரமும் போடலாம். மலையில் அதுவேதான் கெடுதல். பகலில் குரங்கு, ராத்திரி காட்டுப்பன்றி. தோலும் தழையும் கிடந்தால் காட்டெருமை. எல்லாவற்றுக்கும் மேல் கரடி. கரையான், எறும்பு, தேன், பழம் என்று தேடித் திரிகிற பிராணி. அதன் மூக்குக்கு மிச்சப் பாயசமும் பேக்கரிக் காகிதமும் கூப்பிட்டு வைத்த விருந்து. கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்ததும், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் புகுந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கிற செய்தி. ஒரு தடவை தீனி கிடைத்த இடத்துக்கு அது திரும்பத் திரும்ப வரும். விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போகிறவரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தொட்டியை நாங்கள் எடுத்தது அதனால்தான். எடுத்த முதல் வாரம், தொட்டி இருந்த இடத்திலேயே பழக்க தோஷத்தில் பையைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஏழு பேர்.

வண்டி வந்தால் நல்லதுதான். 2016 திடக்கழிவு விதிகள் மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. ஓட்டுப்பட்டறையில் குப்பை மேடாகக் கிடந்த இடத்தைக் கிளீன் குன்னூர் என்ற தன்னார்வ அமைப்பு பிரித்தெடுக்கும் இடமாக மாற்றிய பிறகு, நாம் பிரித்துக் கொடுப்பது பிரிந்தேதான் போகிறது என்ற நம்பிக்கையும் வந்தது. ஆனால் மழை பலத்தால் வண்டி வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் ஏறிப் போகிற விருந்தினர், பிரியாணிப் பொட்டலத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். திங்கள் காலை வரை அது காட்டுக்கு அழைப்பிதழ் மாதிரி தொங்கும். காலையில் எழுந்திருக்க சோம்பல்பட்டு முந்தின ராத்திரியே வாளியை வெளியே வைக்கிறவர்களும் உண்டு.

மூன்றாவது, வீட்டு உரம். படித்தவர்கள் எல்லோருக்கும் பிடித்த யோசனை, எனக்கும் பிடித்திருந்தது. கீழே சமவெளியில் ஒன்றரை மாதத்தில் ஆகிற உரம் இங்கே குளிரில் மூன்று மாதம் இழுத்தது. மஞ்சும் (மூடுபனியும்) மழையும் சேர்ந்தால் உரம் ஆக்கும் டிரம்மில் தண்ணீர் கோத்து நாறும். காய்ந்த இலை நிறையக் கலக்க வேண்டும். கையில் கிடைப்பதோ கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை, அது லேசில் மக்காது. சீகை (வாட்டில் மரம்) இலையும் மரத்தூளும் போட்டுச் சமாளித்தோம்.

அப்புறம் ஒரு ராத்திரி எங்கள் கீழ்வீட்டு அக்கா போன் செய்தார். "அண்ணா, லைட்டைப் போட்டுட்டு ஜன்னல்லயே நில்லுங்க, வெளிய வராதீங்க." டிரம் உருளும் சத்தம் எனக்கும் கேட்டது, தகரத்தில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல. அரை மணி நேரம். காலையில் பார்த்தால் டிரம் இரண்டு படி கீழே மல்லாந்து கிடந்தது. மூடி தேயிலைச் செடிகளுக்குள். தடித்த பிளாஸ்டிக் மூடிதான். விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை, பக்கத்தில் நீளநீளமாகக் கீறல். தோலையும் கீரைத் தண்டையும் அது தொடவே இல்லை. முந்தின நாள் யாரோ போட்ட மீன் தலையும், நெய் வடிந்த காகிதமும்தான் காணவில்லை.

எது எங்கே போக வேண்டும் என்பதை எங்கள் சங்கத்தின் எந்தக் கூட்டத்தையும்விட அந்தக் கரடி தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டுப் போனது. காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, இலை டிரம்முக்கு. மீன், கறி, எண்ணெய், இனிப்பு, பலாச் சக்கை மூடி போட்ட வாளியில், அதுவும் சமையலறைக்கு உள்ளேயே இருந்து, காலையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகு வெளியே. டிரம்மைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினோம், மூடிக்கு இரும்புப் பட்டையும் போல்ட்டும். உரமா வண்டியா என்று நாங்கள் மாதக்கணக்கில் வாதாடியதே வீண். வாசனை வீசுவது வண்டிக்கு, வீசாதது டிரம்முக்கு. தொட்டிக்கு எதுவும் இல்லை.

மக்காத குப்பையில் பெரிய விவகாரம் இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோதே பிளாஸ்டிக் தடைக்குப் பழகிய மாவட்டம் இது. மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரியில்தான். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் போதும், வாரம் ஒருமுறை எடுத்துப் போகிறார்கள். உடைந்த பாட்டில்தான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 2022 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் ஏற்பாடு நீலகிரியில்தான் முதலில் வந்தது. அதன் பிறகு எங்கள் ஓடைக்கரையில் பாட்டில் கிடந்தால் அரை நாளில் யாராவது பொறுக்கிவிடுகிறார்கள். எங்கள் சங்கம் அடித்த நோட்டீஸ் எதுவும் இந்தப் பத்து ரூபாய் செய்ததில் பாதிகூடச் செய்ததில்லை.

மோரியும் மண்ணும்

சுத்தம் என்றால் எல்லோரும் குப்பையைத்தான் பேசுவார்கள். எனக்கு மோரிதான், அதாவது தண்ணீர் ஓடும் சாக்கடைதான், பயம். குன்னூருக்குப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை கொட்டும். 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலத்தில் மண் சரிந்ததை இங்கே பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் போனார்கள். மோரி அடைத்தால் தண்ணீர் ரோட்டை விட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இறங்கும். சுவரில் நீர் வடிய விட்ட ஓட்டைகளும் செடி முளைத்து அடைத்திருந்தால், ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் சுவர் மேல்தான்.

இதற்கு இரண்டு வழி பார்த்தோம். காண்டிராக்டில் விட்டால் ஒரே நாளில் முடித்தார்கள்; வாரிய சேற்றை மோரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள், முதல் மழையில் அத்தனையும் உள்ளே. சிரமதானம் வைத்தால் நாற்பது வீட்டில் ஒன்பது பேர் வந்தோம், அதில் இரண்டு பேர் போட்டோ எடுக்க. ஆனால் அந்த ஒன்பது பேரும் அவரவர் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று முதல் தடவையாகப் பார்த்தார்கள். இப்போது கூலி கொடுத்துத்தான் செய்கிறோம். இரண்டு வீட்டுக்காரர்கள் கூடவே நின்று, சேறு டெம்போவில் ஏறுகிற வரை நகர மாட்டார்கள். செப்டம்பர் கடைசிக்குள் ஒரு தடவை, நவம்பர் நடுவில் ஒரு தடவை.

காவல்

கேமராவுக்குத்தான் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் அதிகம். நாலு வாங்கினோம். விற்றவர் பகல் வெயிலில் காட்டிய படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ராத்திரி மஞ்சு இறங்கியதும், கேமராவே விடுகிற வெளிச்சம் மஞ்சில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளை. மஞ்சில்லாத நாளில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை. ஒரு முறை காட்டெருமையின் மூக்கு மட்டும் பத்து நிமிஷம் பதிவாகி இருந்தது. இடி இறங்கியதில் இரண்டு போயின. மிச்சம் இருந்ததில் ஒன்றைக் காலனி ரோட்டு முனையில், கடைக் கூரைக்குக் கீழே மாட்டினோம். வெளியிலிருந்து மூட்டை கொண்டுவந்து கொட்டிய காரை அது ஒரு தடவை பிடித்துக் கொடுத்தது. ரோட்டைப் பார்க்க ஒன்று போதும் என்பதுதான் என் முடிவு.

கூர்க்கா வேறு ரகம். மாதம் பிறந்தால் வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்வார். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று அவருக்குத்தான் தெரியும். பூட்டிய வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடுகிற சத்தத்தை அவர் காதில்தான் கேட்க முடியும். குறை அவரிடம் இல்லை, எங்களிடம்தான். விசிலும் தடியும் மட்டும் கொடுத்து, ராத்திரி ஒரு மணிக்குச் சோலை ஓரப் படிக்கட்டில் தனியாக ஒரு மனிதனை நடக்கவிட்டோம். படிக்கட்டில் கரடியை நேருக்கு நேர் பார்த்ததாக ஒரு காலையில் அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது அவர் தார் ரோட்டில் மட்டும்தான் சுற்றுகிறார், நல்ல டார்ச்சோடு. படிக்கட்டை ராத்திரியில் யாரும் பயன்படுத்துவதில்லை.

செலவு குறைந்ததும் பலன் அதிகம் தந்ததும் யாரும் கை தூக்காத மூன்றாவது வழி: பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடியை வெட்டி, வளைவுகளில் விளக்குப் போட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி ஆபத்து குறைவு. புதர் வெட்டலாம், மரத்தில் கை வைக்கக் கூடாது. மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது, சாய்ந்து பயமுறுத்துகிற கற்பூர மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். ஆகவே மனுவை மழைக்கு முன்பே போட்டு வையுங்கள்.

தகவல்

எங்கள் காலனியில் ஒருநாளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, தண்ணி இன்னிக்கு வருமா என்பதுதான். ரேலியா அணையில் தண்ணீர் இறங்கினால் முறை மாறும், மோட்டார் பழுதானால் மறுபடி மாறும்.

வாட்ஸ்அப் குழு வேகம்தான். ஆனால் பதில் வருவதற்குள் இருபது குட் மார்னிங்கும் ஒரு சாமி படமும் அதன் மேல் ஏறிவிடும். ஒரு தடவை, நம்ம சந்தில் கரடி என்று ஒரு வீடியோ வந்தது. அன்று பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. நன்றாகப் பார்த்தால் வீடியோவில் தென்னை மரம் நின்றது! அதற்கப்புறம் குழுவை இரண்டாக்கினோம்: ஒன்றில் நிர்வாகிகள் மூன்று பேர் மட்டும் எழுதலாம், இன்னொன்றில் யார் என்ன வேண்டுமானாலும். முதல் குழுவில் ஒரு நாளைக்கு இரண்டு செய்தி வந்தால் அதிகம், அதனால்தான் அதை எல்லோரும் படிக்கிறார்கள்.

கரும்பலகை வைக்கலாம் என்றபோது சிரித்தார்கள். வைத்த பிறகு தெரிந்தது, குழுவில் இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான் என்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தோட்டத்துக்குப் போகும் பெண்கள், கூர்க்கா, பால்காரர் யாரும் அதில் இல்லை. காலையில் முதலில் கரடியைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பால் கடைச் சுவரில் பலகை. ஓரத்தில் அழியாத பெயின்ட்டில் 1077 (மாவட்டப் பேரிடர் உதவி), 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), பக்கத்து வனத்துறை அலுவலக எண். நடுவில் சாக்பீஸில் தண்ணீர் நாள், வண்டி வராத நாள், முந்தின ராத்திரி எது எங்கே நின்றது. காற்றில் கம்பம் சாய்ந்து கரண்ட் போய், டவரும் செத்த இரண்டு நாளில் வேலை செய்தது அந்தப் பலகை மட்டும்தான். கடைக்காரர் கையெழுத்து அழகு, அதுவும் ஒரு காரணம்.

மாதக் கூட்டம் நடப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று, டீயும் வர்க்கியும் உண்டு என்று போட்டால் வருகிறார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்யலாமா, இப்படியே நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: பதிவு செய்யுங்கள். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு இல்லாதபோது வங்கிக் கணக்கு என் பெயரில் இருந்தது. அந்தச் சங்கடம் எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் புதுப் பொருளாளர் கேட்டார், மிச்சம் இருக்கிற பணத்தில் கேமராவைப் புதுப்பிப்போமா என்று. இன்னும் பதினொரு வீட்டு டிரம்முக்கு இரும்புப் பட்டை போடவில்லை என்றேன். பட்டறைக்காரர் அளவெடுக்க வெள்ளிக்கிழமை வருகிறார், பலகையில் எழுதியாயிற்று.