பழைய மட் சர்வர், புதிய மெஷின்: ஃப்ளாக், 32 பிட், கன்டெய்னர், கோடு திருத்தம் எது தேறும்?

மேக் (கோடைக் கம்பைல் செய்யும் கட்டளை) என்று தட்டினால் முதல் திரையிலேயே நூற்றுக்கணக்கில் எரர். பழைய மெஷினில் வருடக்கணக்காக ஓடிய அதே கோடு, ஒரு எழுத்துகூட மாறவில்லை. மட் என்பது பலர் ஒரே நேரத்தில் எழுத்து வழியாக விளையாடும் ஆன்லைன் விளையாட்டு. 1990-91இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த டிகூமட்டின் வாரிசுகளான மெர்க், ரோம், சர்க்கிள், ஸ்மாக் இவற்றில் எதை வைத்திருந்தாலும் இந்தத் திரையைப் பார்க்காமல் தப்ப முடியாது. என்னுடையது ரோம் 2.4இலிருந்து கிளைத்தது. மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறேன், மூன்று முறையும் வேறு வேறு வழியில். அதனால் எந்த வழிக்கும் இங்கே வக்காலத்து வாங்கப்போவதில்லை, ஒன்றைத் தவிர.

முதலில் குற்றவாளி யார் என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் அது ஆபரேட்டிங் சிஸ்டம் அல்ல, கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர். லினக்ஸில் வழக்கமாக அது ஜிசிசி. 2020இல் வந்த ஜிசிசி 10, ஹெடர் ஃபைலில் (பல ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்பு ஃபைல்) எக்ஸ்டர்ன் ('வரையறை வேறிடத்தில்' என்று சொல்லும் சொல்) இல்லாமல் அறிவித்த குளோபல் வேரியபிள்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தியது. 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைப்பது) கத்துவது அதனால்தான். 2024இல் ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை வார்னிங்கிலிருந்து எரராக்கியது. 2025இன் ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரத்துக்குப் போய்விட்டது. அதில் பூல் (உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்லும் வகை) என்பது மொழியின் சொந்தச் சொல். மெர்க் வம்சத்து ஹெடரில் பூல் என்பதை அன்சைன்ட் கேரக்டராக டைப்டெஃப் செய்து, அதாவது தாங்களே வரையறுத்து வைத்திருப்பார்கள். ஹெடரிலேயே இடிக்கும், அதைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு ஃபைலிலும் அதே எரர் திரும்ப வரும். நூறு எரர் என்று பயப்படுவது உண்மையில் ஒரே வரியாக இருக்கும்.

ஃப்ளாகைத் தளர்த்துவது

பத்து நிமிட வேலை. மேக் கட்டளை படிக்கும் மேக்ஃபைலில் எஃப்காமன் ஃப்ளாகை (கம்பைலருக்குத் தரும் தேர்வு) சேர்த்தால் லிங்கர் அடங்கும். மொழித்தரத்தை க்னூ89 ஆக்கினால் பூல் சண்டையும் அறிவிக்காத ஃபங்ஷன் சண்டையும் தீரும். பாயின்டரும் (மெமரி முகவரி) இன்ட்டும் (முழு எண்) கலந்து கிடக்கும் இடங்களுக்கு ஜிசிசி 14 முதல் எஃப்பர்மிசிவ் ஃப்ளாக் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் சர்வர் ஏற வேண்டும், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் இந்த மூன்றும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. எஃப்காமன் பழைய நடத்தையை அப்படியே திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அறிவிக்காத ஃபங்ஷனை அனுமதிப்பது அப்படியல்ல. அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டதை விவரமாகச் சொல்கிறேன்.

மெர்க் வம்சத்துக் கோடு சிஸ்டம் ஃபங்ஷன்களைத் தானே அறிவித்துக்கொள்ளும். ஒவ்வொரு யுனிக்ஸுக்கும் ஒரு இஃப்டெஃப் தொகுதி, அதாவது குறிப்பிட்ட மேக்ரோ (பெயரிட்ட குறி) இருந்தால் மட்டும் கம்பைல் ஆகும் பகுதி. 'லினக்ஸ்' என்ற மேக்ரோ இருந்தால் லினக்ஸுக்கான தொகுதி உயிர்பெறும். அதில் இருந்த கெட்டைம்ஆஃப்டே அறிவிப்பு, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் புதிய அறிவிப்போடு மோதியது. நான் தரத்தைக் க்னூ89க்குப் பதிலாக வெறும் சி99 ஆக்கிப் பார்த்தேன். எரர் மாயமாய் மறைந்தது! யுனிக்ஸ் மேக்ரோவை மேக்ஃபைலில் ஏற்கெனவே கையால் போட்டு வைத்திருந்ததால் நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் சாக்கெட் பக்கமும் சத்தம் வரவில்லை. வார்னிங்குகளை மொத்தமாக அணைக்கும் ஃப்ளாகும் அதில் இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சர்வரை ஏற்றினேன்.

பெயர் கேட்டது. பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்ததும் செத்தது. யார் நுழைந்தாலும் அதே இடத்தில் சாவு.

டீபக்கரில் பார்த்தபோது, பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத ஹேஷாக மாற்றும் கிரிப்ட் ஃபங்ஷன் திருப்பித் தந்த முகவரியின் மேல்பாதி காணவில்லை. நடந்தது இதுதான்: சி99 என்று கறாராகச் சொன்னால் ஜிசிசி 'லினக்ஸ்' மேக்ரோவைத் தானாக வைக்காது, க்னூ என்று தொடங்கும் தரங்களில்தான் வைக்கும். மேக்ரோ போனதும் மோதிய அறிவிப்போடு சேர்ந்து, அதே நிபந்தனைக்குள் இருந்த கிரிப்ட்டின் அறிவிப்பும் போய்விட்டது. கறாரான சி99இல் சிஸ்டம் ஹெடரும் அதை வெளியே காட்டாது. அறிவிப்பில்லாத ஃபங்ஷன் இன்ட் தருகிறது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64 பிட் பாயின்டர் 32 பிட்டாக வெட்டுப்பட்டு, அந்த அரைகுறை முகவரியை ஸ்டிரிங் ஒப்பிடும் ஃபங்ஷன் தொட்டதும் செக்ஃபால்ட், அதாவது தப்பான முகவரியைத் தொட்ட புரோகிராமைச் சிஸ்டம் கொன்றுவிடும். நான் அப்போது வைத்திருந்தது ஜிசிசி 9. அது எனக்கு எச்சரிக்கை தந்தது. நான்தான் வாயைப் பொத்தியிருந்தேன். ஜிசிசி 14 என்றால் கம்பைலே ஆகியிருக்காது, எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

இந்த இடத்தில் சிலர் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. கிரிப்ட் லைப்ரரி கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னதும் நோகிரிப்ட் என்ற மேக்ரோவைப் போட்டுவிடுவார்கள். அது கிரிப்ட்டை ஒன்றுமே செய்யாத மேக்ரோவாக்கி, பாஸ்வேர்டை அப்படியே பச்சையாக ஃபைலில் எழுதும். பழைய ஆட்கள் யாரும் நுழையவும் முடியாது, சேமித்திருப்பது பழைய ஹேஷ் என்பதால். லினக்ஸில் லைப்ரரியை லிங்க் வரியின் கடைசியில் சேர்த்தாலே போதும், மேக்ஓஎஸ்ஸில் அதுவும் தேவையில்லை.

32 பிட்டாகவே கம்பைல் செய்வது

எம்32 ஃப்ளாக். பாயின்டரும் இன்ட்டும் ஒரே அளவு என்பதால் மேலே சொன்ன விபத்து நடக்காது. மல்டிலிப் பேக்கேஜ்களை (32 பிட் லைப்ரரிகள்) தனியாகப் போட வேண்டும், ஆர்ம் (வேறு வகைச் சிப்) மெஷினில் இந்த ஃப்ளாகே கிடையாது. சர்க்கிள்மட் 3 வைத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் மதிப்போடு பார்க்கலாம். அதில் பிளேயர் ஃபைல் என்பது மெமரியில் இருக்கும் ஸ்ட்ரக்டை (தரவுத் தொகுப்பு) அப்படியே டிஸ்கில் கொட்டிய பைனரி. 64 பிட்டுக்கு மாறினால் லாங், டைம்_டி இரண்டின் அளவும் மாறி, ஒவ்வொரு ஆளின் விவரமும் சில பைட் தள்ளிப் படிக்கப்படும். அதை எழுத்துவடிவ ஃபைலாக மாற்றித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை 32 பிட்டில் ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு, பிறகு 64க்குப் போவது நல்லது. ரோமில் இந்தத் தலைவலி இல்லை, பிளேயர் ஃபைல் தொடக்கத்திலிருந்தே வெறும் டெக்ஸ்ட்.

கன்டெய்னருக்குள் பழைய சிஸ்டம்

கன்டெய்னர் என்பது மெஷினுக்குள் தனியாக அடைத்து ஓட்டும் ஒரு சிஸ்டம். கேட்க அழகாக இருக்கும்: பழைய டெபியன் லினக்ஸ் இமேஜ் ஒன்று, உள்ளே பழைய ஜிசிசி, எரரே இல்லை. கோடில் கை வைக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் மிகப் பழைய இமேஜை எடுத்தால் பேக்கேஜ் இறக்க ஆவணக் கிடங்கின் முகவரியைக் கையால் மாற்ற வேண்டும். ஜிலிப்சி 2.14க்கு முந்தையது என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. விசிஸ்கால் என்ற பழைய வசதி ஹோஸ்ட் மெஷினின் கெர்னலில் (சிஸ்டத்தின் மையம்) அணைக்கப்பட்டிருந்தால் உள்ளே எதை ஓட்டினாலும் செக்ஃபால்ட். இதைத் தேடி நான் கன்டெய்னர் ஃபைலைப் பத்து முறை திருத்தினேன். தப்பு அதில் இல்லவே இல்லை, ஹோஸ்ட்டின் பூட் வரியில் இருந்தது.

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன லைப்ரரிகளோடு ஒரு போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கன்டெய்னரை நான் தூக்கிப்போடவில்லை, சாட்சியாக வைத்திருக்கிறேன். புதிய பில்டில் ஒரு மந்திரம் விசித்திரமாக வேலை செய்தால், அது நான் உண்டாக்கிய கோளாறா, ஆதியிலிருந்தே இருந்ததா என்று பக்கத்தில் பழையதை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விண்டோஸுக்குப் போகிறவர்களுக்கு இரண்டே வரி. விண்டோஸின் சாக்கெட் வசதியான வின்சாக்குக்கு நேரடியாக மாற்றுவது பெரிய வேலை: தொடக்க அழைப்பு வேறு, சாக்கெட்டை மூடுவது வேறு, செலக்ட் சாக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. விண்டோஸிலேயே யுனிக்ஸ் போன்ற சூழல் தரும் சிக்வின் அல்லது டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

கோடைத் திருத்துவது

நான் வக்காலத்து வாங்குவதாகச் சொன்னது இதற்குத்தான். நினைப்பதைவிடச் சிறிய வேலை இது, ஏனென்றால் எரர்களின் எண்ணிக்கை பெரிது, வகை குறைவு. குளோபல்களுக்கு ஹெடரில் எக்ஸ்டர்ன், ஏதாவது ஒரு சி ஃபைலில் உண்மையான வரையறை. சொந்த பூல் போய் ஸ்டிடிபூல் ஹெடர். சிஸ்டம் ஃபங்ஷன்களைத் தானே அறிவிக்கும் இஃப்டெஃப் தொகுதிகளை மொத்தமாக வெட்டிவிட்டு உரிய ஹெடர்களைச் சேர்ப்பது. எரர் செய்திகளின் பட்டியலான சிஸ்_எர்லிஸ்ட் இருந்த இடத்தில் ஸ்டிரெரர். 2020இல் வந்த ஜிலிப்சி 2.32 முதல் பழையது லிங்க் ஆகாது. ஸ்டிரிங்கை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் ஃபங்ஷனைச் சொந்தமாக எழுதி வைத்திருந்தால் பெயரை மாற்றுங்கள், ஜிலிப்சி 2.38இல் அதே பெயரில் ஒன்று வந்துவிட்டது. சி++ சர்வர் என்றால் ஜிசிசி 13 முதல் பல ஃபைல்களில் சிஸ்டிடின்ட் ஹெடரை நாமே சேர்க்க வேண்டியிருக்கும். என் சர்வருக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

ஒழுங்கு முக்கியம். முதலில் எஃப்காமன் போட்டு லிங்கரை ஓரங்கட்டிவிட்டு, ஹெடர் எரர்களைத் தீர்த்து, முதல் எரரை மட்டும் பார்த்து மீண்டும் கம்பைல் செய்து, கடைசியில் எஃப்காமனை எடுத்துவிடுவது எனக்குச் சரிப்பட்டது. எல்லாம் முடிந்ததும் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஒரு பில்ட் போட்டு, நாமே நுழைந்து அங்குமிங்கும் நடந்து பார்க்க வேண்டும். பஃபரைத் தாண்டி எழுதும் ஸ்பிரின்ட்எஃப்கள் இந்த வம்சத்தில் ஏராளம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஆர்ம் மெஷினில் ஏற்றியபோது ஒரு எரர் இல்லை, ஒரு வார்னிங்கும் என் கண்ணில் படவில்லை. விளையாட்டின் இடங்களை விவரிக்கும் ஏரியா ஃபைலைப் படிக்கத் தொடங்கிய சர்வர் அதோடு உறைந்து நின்றது, சிபியு மட்டும் நூறு சதவீதம். ஆர்ம் லினக்ஸில் கேரக்டர் வகை இயல்பாக அன்சைன்ட், அதாவது மைனஸ் எண்களை ஏற்காது. படித்த எழுத்தைக் கேரக்டரில் வைத்து ஈஓஎஃப் (ஃபைல் முடிந்ததைச் சொல்லும் மைனஸ் ஒன்று) வந்ததா என்று பார்க்கும் லூப்பில் மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும், லூப் முடியவே முடியாது. எஃப்சைன்ட்கேர் ஃப்ளாகைப் போட்டு அன்றே ஏற்றினேன். அந்த வேரியபிளை இன்ட்டாக மாற்றியது அடுத்த வாரம்தான். ஃப்ளாகை இன்னும் எடுக்கவில்லை, வேறெங்கே அதே லூப் ஒளிந்திருக்கிறது என்று இன்னும் தேடி முடிக்கவில்லை.