மூன்றரை வருஷ ஆன்கி: ஜூனியர் தம்பிக்கு ஒரு பதிலும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்

போன வாரம் என் போனின் டிஸ்ப்ளே போய், ஆறு நாள் ரிப்பேர் கடையில் கிடந்தது. கைக்கு வந்த ராத்திரியே ஆன்கி என்கிற கேள்வி-பதில் கார்டு ஆப்பை மறுபடி இறக்கி சிங்க் கொடுத்தேன். ஒரு கார்டுகூடக் காணாமல் போகவில்லை, எல்லாம் சர்வரில் பத்திரமாக இருந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பார்க்காமல் சேர்ந்துபோன கார்டுகள் என்று திரையில் வந்து நின்ற எண் 1,874. அதற்கு முந்தைய வாரம் பிரசவ வார்டு டியூட்டியில் விட்டுப்போனதும் சேர்ந்து, வட்டியும் முதலுமாக.

அதே ராத்திரி எங்கள் மெடிக்கல் காலேஜ் ஜூனியர் தம்பி ஒருவனிடமிருந்து மெசேஜ். "அண்ணா, ஃபர்ஸ்ட் இயர் ரிசல்ட் வந்துருச்சு. செகண்ட் இயருக்கு என்ன வாங்கலாம்? ஆன்கி போட்டாலே போதும்னு சொல்றாங்களே, நிஜமாவா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். நாலு வரியில் பதில் போட உட்கார்ந்தவன் இவ்வளவு எழுதிவிட்டேன்.

புத்தக விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. நோய்க்கூறியலுக்கு, அதாவது பேத்தாலஜிக்கு, ராபின்ஸ் பாடப்புத்தகத்தின் சின்னப் பதிப்பான சின்ன ராபின்ஸ். பெரிய ராபின்ஸ் 1,300 பக்கத்துக்கு மேல். ஆசைப்பட்டு வாங்கிய என் ரூம்மேட் கடைசியில் அதன் மேல் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தான். மைக்ரோவுக்கு (நுண்ணுயிரியல்) அனந்தநாராயண்–பணிக்கர் அல்லது அபூர்பா சாஸ்திரி, இரண்டில் ஒன்று போதும். முன்னது 1978-இலிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது, பின்னது அட்டவணையும் படமுமாகப் பரீட்சைக்குத் தோதாக இருக்கிறது. மருந்தியலான பார்மகாலஜிக்கு கே.டி.டி., அதாவது கே.டி. திரிபாதி எழுதியது. எல்லாவற்றையும் பழைய புத்தகமாகவே வாங்கலாம். பார்மாவில் மட்டும் கொஞ்சம் உஷார்: காசநோய்ப் பக்கத்தைத் திறந்து, வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை என்று போட்டிருந்தால் அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். 2017-லேயே நாடு முழுவதும் தினசரி மாத்திரைக்கு மாறியாகிவிட்டது.

சரி, ஆன்கி.

அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. மறக்கப் போகிற நேரம் பார்த்து அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை, அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் அந்த எண்ணின் மேல்தான்.

ஆப்பை இறக்கியதும் அதிலேயே ஓர் அளவு வைத்திருப்பார்கள்: ஒரு நாளைக்குப் புதுக் கார்டு 20, பழையதைத் திரும்பப் பார்க்கும் ரிவ்யூ 200. மரியாதையான அளவு. செகண்ட் இயர் தொடங்கிய வாரத்தில் ஒரு சீனியர் என் லேப்டாப்பை வாங்கி, "இதெல்லாம் சின்னப் பசங்க செட்டிங்டா" என்று சொல்லி ரிவ்யூ இடத்தில் 9999 என்று தட்டிக் கொடுத்தார். புதுசை 60 ஆக்கினார். முதல் பத்து நாள் நான் ராஜா. மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் 400, 450 என்று வந்து நிற்க ஆரம்பித்தது. கந்துவட்டிக்காரனுக்காவது கண்ணில் படாமல் சந்து வழியாகப் போய்விடலாம். இது தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும்.

உடம்பு சரியில்லை, அக்கா கல்யாணம், ஊரில் திருவிழா, எதுவும் அதற்குக் கணக்கில்லை. அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டே நடுவில் 80 கார்டு முடித்தேன். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால், முகூர்த்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதே சரியாக நினைவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கோயாகுலேஸ் பாசிட்டிவ் என்பது நினைவிருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். 2023 கடைசியில், எந்தக் கார்டை எப்போது கேட்பது என்று நாள் குறிக்கும் பழைய கணக்கோடு எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதுக் கணக்கையும் கொடுத்தார்கள். பழையது, 1987-இல் போலந்துக்காரர் வோஸ்னியாக் போட்ட சூத்திரத்தின் வழியில் வந்தது. புதியது நாம் எதை எப்போது மறந்தோம் என்கிற நம் சொந்த வரலாற்றைப் பார்த்து நாள் குறிக்கும். மாற்றிய பிறகு எனக்கு ரிவ்யூ கண்கூடாகக் குறைந்தது. ஆக ஆப்பில் குறையில்லை. 60 போட்டது யார், 9999 போட்டது யார் என்று கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். இருந்தாலும் 1,874-ஐப் பார்த்த ராத்திரியில் நியாயம் பேசும் மனநிலை வராது.

அடுத்த தப்பு, அந்த 60 கார்டும் என்னுடையவை இல்லை. அமெரிக்கத் தேர்வுக்காக அங்கேயுள்ள மாணவர்கள் சேர்த்த ஒரு பெரிய கார்டுக் கட்டு, அதாவது டெக், ஆயிரக்கணக்கில் கார்டு, அழகான படங்கள். அப்படியே இறக்கிக்கொண்டேன். அவர்கள் ஊருக்கு அது சரி. அதில் லைம் நோய் வந்துகொண்டே இருக்கும், ஒஹையோ ஆற்றுப் பக்கத்துப் பூஞ்சைக்குத் தனி மரியாதை இருக்கும். நம் மழைக்கால வார்டை நிரப்பும் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் ஏதோ ஒரு மூலையில், விருந்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் போல உட்கார்ந்திருக்கும்.

விஷயம் வெளியே தெரிந்தது பார்மா வாய்மொழித் தேர்வில், வைவாவில். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு திணறுகிறது, உடனே என்ன கொடுப்பாய் என்று வெளிக் காலேஜிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்டார். மூளை யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது: "ஆல்புடெரால் சார்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அது எந்த ஊர் மருந்து தம்பி?"

எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. பக்கத்திலிருந்த இன்டர்னல் மேடம் உதடசைத்துக் காட்டியதும்தான் புரிந்தது. "சால்புட்டமால் சார்." இரண்டும் ஒரே மருந்துதான், அமெரிக்காவில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், பெத்திடின் அங்கே மெபெரிடின். ஒன்றரை நிமிஷத்தில் இந்த நாலையும் வரிசையாகக் கேட்டு என்னை வறுத்தெடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார் மனுஷர்.

ஆன்கியில் ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரே கார்டில் எட்டு முறை தோற்றால் அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தி ஓரமாகத் தூக்கி வைத்துவிடும். தமிழில் கார்டும் அட்டை, லீச்சும் அட்டை. இதைக் கண்டுபிடித்த ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாகச் சிரித்திருக்கிறேன். இரத்தம் உறிஞ்சுகிற அட்டை எது, படிக்கிற அட்டை எது என்று எனக்கே குழம்பிப்போன காலம் அது.

என் முதல் லீச், ஸ்க்ரப் டைஃபஸ் மாதிரிக் காய்ச்சலுக்குச் செய்யும் பழைய இரத்தப் பரிசோதனையான வைல்–ஃபெலிக்ஸ் டெஸ்ட். ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஓ.எக்ஸ்-19-ஆ, ஓ.எக்ஸ்-2-ஆ, ஓ.எக்ஸ்-கே-வா? எட்டு முறையும் தப்பு. தூக்கிக் கடாசிவிட்டுக் கோபத்தில் நானே ஒரு கார்டு போட்டேன், தமிழில்: "புதர்க்காட்டுக் காய்ச்சலுக்கு எது?" பின்பக்கம்: "கே. காடு." ஸ்க்ரப் என்றாலே புதர்தானே. அதற்குப் பிறகு அதில் ஒரு முறைகூடத் தோற்றதில்லை.

ருசி கண்டுவிட்டது. எங்கள் அப்பாயிக்கு பி.பி. உண்டு, எனலாப்ரில் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக வறட்டு இருமல். வீட்டில் அதிமதுரம், மிளகுப் பால், எதிர்வீட்டு அம்மா சொன்ன கஷாயம் எல்லாம் ஆயிற்று. லீவில் போனபோது திண்ணையில் உட்கார்ந்து லொக் லொக்கென்று இருமுவதைக் கேட்டு, அன்றைக்குப் போட்ட கார்டு: "அப்பாயி ஏன் இருமுது?" பின்பக்கம்: "எனலாப்ரில். பிராடிகைனின் உடையாமல் சேருது. லோசார்டானுக்கு மாத்தச் சொல்லு." அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேட்டேன், மாற்றிக் கொடுத்தார், இரண்டு மூன்று வாரத்தில் இருமல் நின்றது. கஷாயத்தால்தான் நின்றது என்று அப்பாயி இன்றைக்கும் சொல்கிறது. அது வேறு கதை.

இப்படி நானே போட்ட கார்டு மொத்தம் 600 தேறும். நான் இந்த ஆப்பைப் பாராட்ட வேண்டுமென்றால் இந்த 600-க்காக மட்டும்தான் பாராட்டுவேன்.

ஆனால் அதுவும் எஸ்ஸேவுக்கு உதவவில்லை. நம் பரீட்சை ஒரு வரி பதில் இல்லை. மூன்று பாடம், பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 100 மார்க். பேத்தாலஜி இன்டர்னல் பரீட்சையில் அழற்சியின் கெமிக்கல் மீடியேட்டர்களை, அதாவது அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்களைப் பற்றி எஸ்ஸே வந்தது. என்னிடம் நாற்பது துண்டுச் செய்தி இருந்தது. ஒன்றைத் தொட்டு இன்னொன்று வரவில்லை. அரிசி, பருப்பு, புளி எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்கிறது, குழம்பு வைக்கத் தெரியவில்லை. 41 மார்க்.

அதற்குப் பிறகுதான் சின்ன ராபின்ஸின் அந்த அத்தியாயத்தை பென்சிலோடு உட்கார்ந்து, இரண்டு நாள் முழுசாகப் படித்தேன். இரத்தக்குழாயை விரித்து, நீரைக் கசியவிட்டு, வலியைக் கிளப்புகிற மீடியேட்டர் என்று அங்கே பிராடிகைனின் வந்தது. அப்பாயியை இருமவைத்த அதே பிராடிகைனின்! பேத்தாலஜி டெக்கில் ஒன்று, பார்மா டெக்கில் ஒன்று என்று இரண்டையும் ஆறு மாதம் தினமும் சரியாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்பது மட்டும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. மெடிசின் போஸ்டிங், ஐப்பசி மழை. எட்டு நாள் காய்ச்சலோடு ஒரு அம்மா. ரவுண்ட்ஸில் சீஃப், "ஸ்க்ரப்னா வைல்–ஃபெலிக்ஸ்ல எது தூக்கும்?" என்றார். "கே சார்." எல்லோரையும் முந்திச் சொன்னேன். காடு கைவிடவில்லை.

"அதை இப்ப யாரு நம்பியிருக்கா, எலைசா அனுப்பு. அது இருக்கட்டும், எஸ்காரைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. கூட வந்த நர்ஸ் அக்கா திரையை இழுத்துவிட்டு, அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டு, பாவாடை நாடா கட்டும் இடத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். சிகரெட்டால் சுட்டது போல, கருத்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்து. அதுதான் எஸ்கார். ஒரு மிளகு அளவுதான். அந்த அம்மாவை மூன்று முறை பரிசோதித்துக் கேஸ் எழுதியவன் நான். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தோம், இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, தம்பிக்குக் கடைசியில் அனுப்பிய பதில் இதுதான்: ஆன்கி போடாதே. ராபின்ஸை வாங்கு, என் கே.டி.டி.யை வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள், ஆன்டிபயாடிக் பக்கத்தில் டீ கொட்டியிருக்கும், கண்டுகொள்ளாதே.

உடனே மறுபதில்: "நீங்க மட்டும் இன்னும் வச்சிருக்கீங்களே அண்ணா?"

அதற்கு நான் பதில் போடவில்லை. அப்போது கணக்கு 1,611-க்கு இறங்கியிருந்தது, இன்னொரு ஐம்பதை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்றிருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி அவனே: "சரிண்ணா, அந்த 600 கார்டு டெக்கையாவது அனுப்புங்க."

அனுப்பவில்லை. ஊருக்குப் போய், அவன் அப்பாயி என்னென்ன மாத்திரை போடுகிறது என்று முதலில் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.