பாரிஸ்டர் எழுதிய கருத்தைப் பார்க்காமல் செட்டில்மெண்டுக்குத் தலையாட்டாதீர்கள்

இங்கிலாந்தில் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வேலை செய்த கிடங்கில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டி சரிந்து என் வலது தோளில் விழுந்தது. ‘நோ வின் நோ ஃபீ’ (ஜெயித்தால் மட்டும் கட்டணம்) என்று ஒரு சொலிசிட்டர் நிறுவனம் (நம்மிடம் நேரடியாகக் கேஸை வாங்கி நடத்தும் வக்கீல்கள்) கேஸை எடுத்தது. விபத்து வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட பாரிஸ்டர் (கோர்ட்டில் வாதாடவும் சட்டக் கருத்து சொல்லவும் சொலிசிட்டர் அமர்த்தும் வக்கீல்) உங்களுக்காக வாதாடுவார் என்றார்கள்.

பாரிஸ்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டிலைத் தூக்க முடிகிறதா, சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் விடுகிறீர்கள், ராத்திரி எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவர் தன் கருத்தை எழுதி அனுப்புவது சொலிசிட்டருக்கு. அது நம் கைக்கு வருவதும் வராததும் சொலிசிட்டர் ஆபீஸின் நேர்மையைப் பொறுத்தது. என்னிடம் “பாரிஸ்டரும் ஓகே சொல்லிட்டார்” என்று போனில் ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘பார்ட் 36’ ஆஃபர் (கோர்ட் விதிகளின் 36-ஆம் பகுதிப்படி, வழக்கை முடித்துக்கொள்ளத் தரும் தொகை) ஒன்றை அனுப்பியது. சொலிசிட்டர் ஆபீஸில் என் கேஸைப் பார்த்துக்கொண்ட தம்பி தமிழ்ப் பையன்தான். “அண்ணா, நாளைக்குள்ள சரின்னு சொல்லிடுங்க. இல்லேன்னா அவங்க செலவு முழுக்க உங்க தலையிலதான்” என்று பயமுறுத்தினான்.

உண்மை வேறு. பார்ட் 36 ஆஃபருக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. அதை மறுத்து, கோர்ட்டில் அதைவிட அதிகம் கிடைக்காமல் போனால்தான், அந்த அவகாசம் முடிந்த பிறகான எதிர்த்தரப்புச் செலவு நம் பக்கம் வரும். வழக்கில் பொய் சொல்லாதவரை, பொதுவாக அதுவும் நமக்குக் கிடைக்கும் இழப்பீடு, செலவுத் தொகை இரண்டையும் சேர்த்த தொகையைத் தாண்டிப் போகாது. இதில் ஒன்றைக்கூட அவன் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் பயந்து சரி சொல்லிவிட்டேன்.

பணம் வந்தபோது 25% வெற்றிக் கட்டணம் (ஜெயித்ததற்காக நம் சொலிசிட்டர் இழப்பீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் தொகை) போயிருந்தது, கூடவே வழக்குக்காக எடுத்த இன்ஷூரன்ஸின் பிரீமியமும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த விதிப்படி, வலிக்கும் இதுவரை ஆன இழப்புக்கும் கிடைக்கும் தொகையில்தான் அந்த 25% உச்சவரம்பு. வருங்கால வருமானத்துக்காகத் தரும் பணத்தில் வெற்றிக் கட்டணமாகக் கை வைக்க முடியாது. பிரீமியம் இந்த வரம்புக்குள் வராது. ஒப்பந்தம் போடும்போதே “எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு எவ்வளவு?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தோள் சரியாகவில்லை. ஆபரேஷன் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு என் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். உள்ளே பாரிஸ்டரின் கருத்து இருந்தது: எலும்பு நிபுணரின் இரண்டாவது அறிக்கை வரும்வரை செட்டில் செய்ய வேண்டாம், ஆபரேஷனையும் வருங்கால வருமான இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தத் தம்பி எனக்குப் போன் பண்ணுவதற்கு முந்தைய தேதி போட்டிருந்தது. படித்தபோது கை நடுங்கியது. முழு இறுதி செட்டில்மெண்ட் ஆகிவிட்டால் அதே விபத்துக்காக மறுபடி கேட்க வழியில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இந்த மாதிரி வழக்குகள் பலவற்றில், எதிர்த்தரப்பு தரும் வக்கீல் கட்டணம் முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. காத்திருந்து இன்னொரு அறிக்கை வாங்குவதால் நிறுவனத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை, ஃபைலை மூடினால் உண்டு. என் கேஸில் நடந்தது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

18 வயதுக்குக் கீழே உள்ளவரின் வழக்கென்றால் கோர்ட் ஒப்புதல் இல்லாமல் செட்டில்மெண்ட் செல்லாது. வக்கீலின் எழுத்துக் கருத்தையும் நீதிபதி பார்ப்பார். நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் கருத்தின் பிரதியை நாமேதான் கேட்க வேண்டும். வழக்கு தொடர மூன்று வருடக் கெடு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம், ஆனால் அதைச் சொல்லி உங்களை அவசரப்படுத்தினால் விபத்து நடந்த தேதியிலிருந்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எட்டு வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால், வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கவனக்குறைவால் பறிபோன தொகைக்காக வழக்குப் போடுவது தனி விஷயம். அதற்குப் பொதுவாக ஆறு வருட அவகாசம் உண்டு, வேறு சொலிசிட்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பாரிஸ்டர் கேட்ட அந்த இரண்டாவது அறிக்கையை இப்போது என் சொந்தக் காசில் எடுக்கிறேன்.