சான் ஜிமிஞானோவா, ஓர்வியேட்டோவா? ஒரே ஒரு மலையூருக்கு நேரம் இருந்தால்

இத்தாலிக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் எப்படியும் இருக்கும். நடுவில் ஒரு நாள் மிஞ்சும், அதில் ஒரு பழைய மலையூர் பார்க்கலாம் என்று ஆசை வரும், உடனே யோசிக்காமல் சான் ஜிமிஞானோ என்று எழுதிவிடுவார்கள். புகைப்படத்தில் அவ்வளவு அழகாக விழுகிற ஊர் என்பதால் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் கார் எடுக்காமல் ரயிலில் சுற்றுகிறவர், காலையில் போய் மாலையில் திரும்புகிறவர் என்றால் என் ஓட்டு ஓர்வியேட்டோவுக்குத்தான்.

முதலில் போய்ச் சேருகிற வழி, பாதி முடிவு இதிலேயே தெரிந்துவிடும். சான் ஜிமிஞானோவுக்கு ரயில் கிடையாது. ஃபுளோரன்ஸிலிருந்து போஜிபோன்சி வரை ரயில் (சில வண்டிகளுக்கு எம்போலியில் மாற வேண்டும்), அங்கிருந்து பஸ். ஞாயிறு, விடுமுறை நாட்களில் பஸ் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் போஜிபோன்சியில் பார்த்துக்கொண்டிருக்க பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர்வியேட்டோ ரோம்–ஃபுளோரன்ஸ் பழைய ரயில் பாதையிலேயே இருக்கிறது. ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மலை மேல் ஏற்றிவிடும் இழுவை ரயில் நிற்கும். 1888-ல் தண்ணீரின் எடையை வைத்தே ஓடத் தொடங்கிய வண்டி அது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம் கேட்பார்கள்.

சரி, போய்ப் பார்ப்பது என்ன?

சான் ஜிமிஞானோ என்றால் கோபுரங்கள். வடக்கேயிருந்து ரோமுக்கு நடந்த யாத்திரிகர்களின் பாதையில் இருந்த ஊர், குங்குமப்பூ வியாபாரத்தில் காசு பார்த்த ஊர். பணக்காரக் குடும்பங்கள் ஒருவரையொருவர் மிஞ்ச 72 கோபுரங்கள் வரை கட்டியதாகச் சொல்வார்கள், இன்று நிற்பவை 14. 1348-ல் கொள்ளைநோய் வந்து ஊரைப் பாதியாக்கியது, சில ஆண்டுகளில் ஃபுளோரன்ஸின் ஆளுகைக்குள் போனது, அதற்குப் பிறகு இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் வசதி இல்லை. இன்றைக்கு யுனெஸ்கோ பட்டியலில் (1990) இருக்கக் காரணம் அந்த வறுமைதான் என்பது ஒரு வேடிக்கை. 54 மீட்டர் உயரமுள்ள தோர்ரே கிரோஸா கோபுரத்தில் ஏறினால் திராட்சைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டும் வரை தெரியும். தலைமைத் தேவாலயத்தின் உள்சுவர் முழுக்க விவிலியக் கதை ஓவியங்கள், அவற்றை அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பகல் 11-லிருந்து மாலை 5 வரை அந்த ஊர் சுற்றுலா பஸ்களுக்குச் சொந்தம். பிரதான தெரு முழுக்கத் தோல் பை, பீங்கான் தட்டு, காட்டுப்பன்றி இறைச்சிக் கடைகள். கிணற்றுச் சதுக்கத்தில் ஐஸ்கிரீமுக்கு நிற்கிற வரிசை நம்ம ஊர் ரேஷன் கடையை ஞாபகப்படுத்தும். பஸ்கள் கிளம்பிய பிறகு அது வேறு ஊர், நிஜமாகவே அருமையான ஊர், ஆனால் அதைப் பார்க்க நீங்கள் இரவு தங்கியிருக்க வேண்டும்.

ஓர்வியேட்டோவிலும் கூட்டம் உண்டு, ஆனால் ஊர் பெரியது, ஜனங்கள் உண்மையிலேயே வசிக்கிறார்கள், செருப்புத் தைக்கிற கடையும் மருந்துக்கடையும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் தெருவில் இருக்கும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, உச்சி கிட்டத்தட்ட சமதளம் என்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கும் நடக்கச் சுலபம். 1290-ல் தொடங்கிய பேராலயத்தின் முகப்புக்கு நான் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். மேலே தங்க மொசைக், கீழே கண் மட்டத்தில் கட்டடக் கலைஞரும் சிற்பியுமான லொரென்சோ மைத்தானி காலத்துச் சிற்பங்கள், ஆதாமின் விலா எலும்பை உருவுவதிலிருந்து நரகத்தில் பாவிகளைக் கடித்துக் குதறுவது வரை. மாலை வெயில் நேரே முகப்பில் விழும். உள்ளே சான் பிரிசியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞொரெல்லி 1499-ல் வரையத் தொடங்கிய உலக முடிவு ஓவியங்கள் இருக்கின்றன. மண்ணைப் பிளந்துகொண்டு எழும் எலும்புக்கூடுகள் மேல் சதை பிடிக்கும் காட்சி அதில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பயப்படலாம்.

அப்புறம் கிணறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்து இங்கே ஒளிந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயந்து வெட்டச் சொன்னது. 50 மீட்டருக்கு மேல் ஆழம், 248 படி, சுற்றிலும் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுழல் பாதைகள். தண்ணீர் சுமக்கும் கழுதை ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும், எதிரே வரும் கழுதையோடு முட்டவே முட்டாது. 16-ஆம் நூற்றாண்டில் ஒருவழிப்பாதை! இறங்குவது சுகம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், வயதானவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் ஊருக்கடியில் குடைந்த குகைகளை வழிகாட்டியோடு பார்க்கலாம், புறா வளர்க்கச் சுவரில் வெட்டிய நூற்றுக்கணக்கான மாடங்கள் இன்னும் இருக்கின்றன.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் ரொட்டியில் உப்பு இருக்காது, சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அது அந்த வட்டாரப் பழக்கம். சைவர்களுக்குப் பூண்டும் தக்காளியும் போட்ட கையால் உருட்டிய பாஸ்தா இரண்டு ஊரிலும் கிடைக்கும், ஆனால் ஆட்டுப்பால் சீஸ் பெரும்பாலும் கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த, பாலை உறைய வைக்கும் பொருள் கொண்டு செய்தது என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். வெள்ளை ஒயினில் மட்டும் சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா ஒரு படி மேல் என்பேன்.

கார் இருந்தால் கணக்கே மாறும். அப்போது சான் ஜிமிஞானோவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் 30 கிலோமீட்டரில் இருக்கும் வோல்தெர்ராவுக்கும் போய்விடலாம், ரோமானியர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கன் மக்கள் காலத்து வாயில், ரோமானிய அரங்கம், கூட்டமும் குறைவு. வண்டியை மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் விடுங்கள். உள்ளே வாகனத் தடை எல்லையைத் தாண்டினால் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வாடகைக் கம்பெனியின் தனிக் கட்டணத்தோடு சேர்ந்து வரும்.

ஓர்வியேட்டோ முடிவென்றால் ஒரு விஷயம்: இழுவை ரயில் இரவு வெகுநேரம் ஓடாது. மாலை வெயிலில் முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவீர்கள், அதனால் கடைசி வண்டி நேரத்தைக் காலையில் ஏறும்போதே பார்த்து வையுங்கள்.