கோவையில் பழைய நைலான் பி.எம்.எக்ஸ். சக்கரங்களுக்குப் பெயின்ட் நீக்கிய அனுபவம்

இந்த முறை கோயம்புத்தூர் வந்திருந்தபோது, வீட்டு மொட்டை மாடி அறையில் கிடந்த என் பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிளின் (மண்மேடுகளில் தாவி ஓட்டுவதற்கான சிறிய சைக்கிள் வகை) பிளாஸ்டிக் சக்கரங்களில் படிந்திருந்த பெயின்ட்டை நீக்கும் வேலையை உள்ளூர்ப் பட்டறைகளில் கொடுத்துச் செய்து முடித்தேன். எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்த இத்தகைய சைக்கிள்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால், எங்கே என்ன சொன்னார்கள், எந்த முறை பலித்தது, எதை அனுமதிக்கவே கூடாது என்பதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

என் சைக்கிளை மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். ஆனால் அதன் சக்கரங்கள் ஸ்கைவே டஃப் வீல் என்று பெயர் பொறித்த அமெரிக்கத் தயாரிப்பு. கலிஃபோர்னியாவில் நான் இப்போது வசிக்கும் சாக்ரமென்டோவுக்கு வடக்கே, காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ரெடிங் என்ற ஊரில் உருவானவை. ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பதிலாக ஐந்து தடித்த கைகளோடு, ரிம்மும் கைகளும் ஒரே வார்ப்பாக இருக்கும் இந்தச் சக்கரம், கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனது. எழுபதுகளில் கலிஃபோர்னியச் சிறுவர்கள் மண்மேடுகளில் சைக்கிளைத் தாவவிட்டபோது கம்பிச் சக்கரங்கள் கோணிக்கொண்டே இருந்ததால்தான் இப்படிப்பட்ட வார்ப்புச் சக்கரங்களுக்கு அங்கே மதிப்பு ஏற்பட்டது. இதில் நிறம் மேலே பூசப்படுவதில்லை. நைலானோடு கலந்தே வார்க்கப்படுகிறது. ஆகவே மேற்பூச்சை ஒழுங்காக நீக்கிவிட்டால் அடியில் இருக்கும் நிறம் அப்படியே வெளிப்படும், மறுபடி பெயின்ட் அடிக்கத் தேவையே இல்லை. அதே காரணத்தால், நீக்கும்போது மேற்பரப்பு கெட்டுவிட்டால் அதை மறைக்கவும் வழியில்லை.

என் சக்கரங்களின் இயற்கை நிறம் நீலம். அதன்மேல் யாரோ சிவப்பு எனாமல் அடித்திருந்தார்கள்; அதற்கும் மேலே, வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய அலுமினியம் பெயின்ட் ஏறியிருந்தது.

முதலில் போனது இருசக்கர வாகனங்களின் அலாய் வீல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு பட்டறைக்கு. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. தொட்டியில் முக்கி எடுத்தால் அரை மணியில் எல்லாம் உரிந்துவிடும் என்று அங்கே உறுதியளித்தார்கள். அது என்ன மருந்து என்று கேட்டதற்கு, எதற்கும் ஒத்துவரும் மருந்து என்பதே பதிலாக இருந்தது. இது உலோகம் அல்ல, நைலான் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பையன் ஒருவர் பின் சக்கரத்தின் ஒரு கையில் பிரஷ்ஷால் அதைத் தடவிவிட்டார். பெயின்ட் உண்மையாகவே சுருங்கி எழும்பியது. ஆனால் துடைத்த பிறகு அந்த இடத்தில் நைலானே பிசுபிசுத்து, நகம் பட்டால் தடம் விழும் அளவுக்கு இளகியிருந்தது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உலோகத்துக்கான பெயின்ட் ரிமூவர்கள் சிலவற்றில் ஃபார்மிக் அமிலமோ பீனாலோ கலந்திருக்கும். நைலானைக் கரைக்க வேதியியல் கூடங்களில் பயன்படுத்தும் திரவங்களே இவை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்த இடம் இன்றும் மங்கலாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் பேசி முடிக்கும் முன்னே பொருளின்மேல் கை வைப்பதை எந்த வேகமும் நியாயப்படுத்தாது.

அடுத்து குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைப் பூசி அடுப்பில் சுட்டு ஒட்டவைப்பது) செய்யும் ஓர் இடத்தில் விசாரித்தேன். அவர்கள் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனேயே வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும். நைலான் உருகுவதற்கு அதைவிடக் கூடுதலான வெப்பம் வேண்டும் என்றாலும், அந்தச் சூட்டில் சக்கரம் வளைந்துவிடும். மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துப் பெயின்ட்டை எடுத்தால் என்ன என்று கேட்டேன். நைலான் தோல் போய் உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியும், பிறகு கையால் தொடவே முடியாது என்று மேற்பார்வையாளர் சொன்னார். வேலையை மறுத்தவர்தான் என்றாலும், எனக்குச் சரியான அறிவுரை கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

வேலை நடந்தது கோவையின் கணபதி பகுதியில், ஒரு சிறிய சைக்கிள் கடையில். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி, “இது என்ன பிளாஸ்டிக்குங்க தம்பி?” என்பது. நைலான் என்றதும், அச்சையும் கோன்களையும் பால்ரஸ்களையும் முதலில் கழற்றித் தனியே மண்ணெண்ணெயில் போட்டார். பிறகு, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்கு ஒட்டினாற்போல் யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தில் பிரேக் ஆயிலை ஒரு சொட்டு விட்டு, மறுநாள் வரச் சொன்னார். “ஆயில் டப்பாவே பிளாஸ்டிக்குதானுங்களே, பாத்துக்கலாம்” என்றார். மறுநாள் அந்த இடத்தில் பெயின்ட் தோல்போலக் கழன்று வந்தது. அடியில் இருந்த நீலம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தது.

அவர் பயன்படுத்தியது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3 வகை பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகையைச் சார்ந்தவை என்பதால் பெயின்ட்டை இளக்கும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 அதைச் செய்யாது. காட்டன் வேஸ்டை டாட் 3 ஆயிலில் நனைத்துச் சக்கரத்தின் கைகளைச் சுற்றிக் கட்டி, காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுவார். காலையில் மூங்கில் சீவலைத் தட்டையாகச் செதுக்கி வழித்தெடுப்பார். பொறித்த எழுத்துகளின் இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி. பிறகு சோப்புத் தண்ணீர். அலுமினியம் பெயின்ட் முதல் சுற்றிலேயே போய்விட்டது. சிவப்பு எனாமல் பல சுற்றுகள் எடுத்துக்கொண்டது. வாட்டர் பேப்பரை அவர் தொடவே இல்லை. குறிப்பாகப் பிரேக் கட்டை உரசும் பக்கவாட்டில் கீறல் விழக்கூடாது என்பதில் என்னைவிட அவர் கவனமாக இருந்தார்.

எனாமல் பிடிவாதமாக நின்றபோது, காஸ்டிக் சோடா போடலாமா என்று கேட்டேன். எண்ணெய்க் கலப்புள்ள எனாமலைக் காஸ்டிக் சோப்பாக மாற்றிவிடும் என்பதும், நீர்த்த காஸ்டிக்கை நைலான் ஓரளவு தாங்கும் என்பதும் உண்மைதான். “நடுவுல அலுமினிய ஹப் இருக்குதுங்க, பொங்கித் தின்னுபோடும்” என்று அவர் மறுத்தார். காஸ்டிக் அலுமினியத்தை அரிப்பதோடு எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். அவருடைய மறுப்பு முற்றிலும் சரியானது. வேதியியல் படிக்காத அந்தப் பெரியவருக்கு இருந்த நிதானம், முதலில் போன அலாய் வீல் பட்டறையில் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் ஒன்று உண்டு. அவர் கையுறை போடவில்லை. நான் வாங்கிக்கொடுத்த நைட்ரில் கையுறையைச் சிறிது நேரம் மாட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். கழிவான பிரேக் ஆயிலைச் சாக்கடையில் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது மட்டும், ஒரு பழைய கேனில் சேர்த்து, பக்கத்து மெக்கானிக்கின் கழிவு ஆயிலிலிருந்து தனியாக வைத்துக்கொண்டார்.

கூலியாக ஒரு சக்கரத்துக்கு 600 ரூபாய் கேட்டார்; நான் கூடுதலாகக் கொடுத்தேன், ஏனெனில் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதும் கையால் வழிப்பதும்தான். 20 அங்குல, 1.75 அகல டயர் சிறுவர் சைக்கிள்களுக்கு உரியது என்பதால் அவர் கடையிலேயே கிடைத்தது. நீலம் வெயில் பட்ட பக்கத்தில் சற்று வெளுத்திருக்கிறது. மறு பக்கம் புதிதுபோல் இருக்கிறது.

இதே வேலைக்கு வருபவர்கள் முதலில் தங்கள் சக்கரம் எந்தப் பிளாஸ்டிக் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்றவற்றில் பிரேக் ஆயில் வெடிப்பு உண்டாக்கும், தின்னர் கரைத்தே விடும். நைலானுக்குச் சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. வேலைக்கு இடையே பல இரவுகள் ஊற வேண்டியிருப்பதால், விடுமுறையின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிரேக் கட்டைகளை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவது நல்லது: நைலான் ரிம்முக்கென்றே தயாரான கட்டைகளை நான் விசாரித்த கோவைக் கடைகள் எதிலும் பார்க்க முடியவில்லை, சாதாரண ரப்பர் கட்டைகள் மழையில் நனைந்த நைலானில் சரியாகப் பிடிப்பதில்லை.